கதை கேட்காத மேடம்

அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ உருகி உருகி எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆறு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா என்றால், இல்லை. நல்ல மூடில் இருந்தால் "பிள்ளை" என்பார். கோபம் வந்தால் "ஏழாம் நம்பர்" என்பார். அந்த நம்பர் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வீதியில் ஒரு குறுக்குப் பாதை மேலே ஏறும். அதன் முடிவில் எங்கள் ஆய்வுகூடம். பொலிஸும் நீதிமன்றமும் அனுப்புகிற சட்டை, கத்தி, பஞ்சு, நகம், எலும்பு எல்லாம் அங்கேதான் வரும். அவற்றிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, அது யாருடையது, யாருடையது இல்லை என்று இலக்கங்களில் எழுதிக் கொடுப்பது மேடத்தின் வேலை. குழாய்களில் பெயர் ஒட்டுவது, மேசை துடைப்பது, சாமான்களைப் பிரித்துச் சுத்தம் செய்து அவர் கையில் கொடுப்பது, கவுண்டரில் நின்று படிவம் நிரப்புவது எல்லாம் என் வேலை.

மேடம் யாழ்ப்பாணம். நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றைச் சுவரோடு ஒட்டிய வரிசை அறைகளில் ஒன்றில், பிறந்தவள். இரண்டு பேருமே தமிழ்தான் பேசினோம், ஆனால் அவர் பேசினால் எனக்கு எப்போதும் பரீட்சை மண்டபத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். ஆள் சின்ன உருவம். பவுடர் கிடையாது, பூ கிடையாது, சென்ட் கிடையாது. நாள் முழுக்க ப்ளீச்சில் கை வைத்து வைத்து விரல் நுனிகள் வெடித்திருக்கும். பகலில் பின்கதவுக்கு வெளியே போய், சுவரைப் பார்த்து நின்றபடி இடியப்பமும் சம்பலும் சாப்பிடுவார். அவருக்குக் குடும்பம் இருந்ததா, பிள்ளைகள் உண்டா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்டால் அதுவும் கதையாகிவிடும். மேடத்துக்குத்தான் கதை ஆகாதே.

யார் எதைக் கொண்டுவந்தாலும், வாயைத் திறக்கு முன்னே வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்துவார். "கதை வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ." சார்ஜன்ட் ஆனாலும் சரி, சட்டத்தரணி ஆனாலும் சரி, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் ஆனாலும் சரி, எல்லோருக்கும் ஒரே விரல். என்ன சாமான், யாருடையது, எங்கே எடுத்தது. மூன்று கேள்வி. நாலாவதாக ஒரு சொல் வந்தால் கண்ணாடிக் கதவை இழுத்து மூடிவிடுவார். மூடுகிற சத்தத்தில் எத்தனையோ பேர் திடுக்கிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை கேட்டுவிட்டேன். அப்போது எனக்குப் பயம் தெரியாது. அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"கதை கேட்டா கை சாயும், பிள்ளை. அழுகிற ஆளைப் பார்த்தனெண்டா, அந்த ஆளுக்கு வேண்டின பதில்தான் பிறகு என்ர கண்ணுக்குத் தெரியும்."

சரிதானே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, என்ன மனுஷி இது என்றுதான் நினைத்தேன்.

நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். எங்களைப் போன்ற இடங்களில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கன்னத்தின் உள்பக்கம் பஞ்சைத் தேய்த்து எடுத்துக்கொள்வார்கள். வேலை செய்கிறவர்களின் டி.என்.ஏ. எல்லாம் ஒரு பட்டியலாக இருக்கும். தப்பித்தவறி யாராவது தும்மியோ, தலையைச் சொறிந்தோ சாமானில் தன் அடையாளத்தைச் சேர்த்துவிட்டால், இது கொலைகாரனுடையது இல்லை, நம் ஆளுடையது என்று கண்டுபிடிக்க அந்தப் பட்டியல். அதில் நான் ஏழாவது ஆள்.

ஒவ்வொரு தடவையும் எதுவுமே போடாத வெறும் குழாய் ஒன்றையும் மற்றவற்றோடு சேர்த்து இயந்திரத்தில் ஓட்டுவோம். அதில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் எங்கேயோ அழுக்குப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் சேர்ந்து இரண்டாவது மாதம் அந்த வெறும் குழாயில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. வந்தது. பட்டியலோடு ஒப்பிட்டால், நான். முகமூடியை இறக்கி ஒரு தடவை இருமியிருக்கிறேன், அவ்வளவுதான். மேடம் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, மேலே சிவப்பு எழுத்தில் ஏழு என்று போட்டு, கை கழுவும் பேசினுக்கு மேலே ஒட்டினார். ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது. பொலிஸ்காரன் ஒருவன் கை கழுவ வந்து, "கவுத மே ஹதா?" என்று சிங்களத்தில் கேட்டான், யார் இந்த ஏழு என்று. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் நியாயமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வத்தேகமப் பக்கத்தில் ஒரு கடைக்காரரைக் குத்திய வழக்கில், பக்கத்துக் கடை முஸ்லிம் வாலிபனைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அவன் சட்டையில் இரத்தம். சட்டையைக் கொண்டுவந்த சார்ஜன்ட், இவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான், நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆரம்பித்தார். விரல் எழுந்தது. கதவு மூடியது. நாலு நாள் கழித்து மேடம் எழுதிக் கொடுத்த அறிக்கையில், சட்டையில் இருந்தது குத்துப்பட்டவரின் இரத்தம் இல்லை, சட்டைக்காரனின் சொந்த இரத்தமே என்று இருந்தது. பொலிஸ் அடித்து மூக்குடைத்த இரத்தமாம், பிறகு தெரிந்தது. அவனுக்கு விடுதலை.

விடுதலையான கிழமை அவனுடைய வாப்பா வந்தார். தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, கையில் ஒரு பெட்டி தொதல் இனிப்பு. மழை. நான் உள்ளே போய்ச் சொன்னேன். மேடம், அவர் யாரென்று தனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை, பெட்டியோடு திருப்பி அனுப்பு என்றார். நான் வெளியே வந்து, மேடம் யாரையும் பார்க்க மாட்டார் என்றேன். அந்த மனிதர் ஒரு மணித்தியாலம் கேட்டுக்கு வெளியே குடையில்லாமல் நின்றார். கடைசியில் காவல்காரரிடம், "துஆ செய்றன் எண்டு மட்டும் அந்த மகளுக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் போய்ச் சொன்னதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது. நாளைக்கு அந்த மனிதரே இன்னொரு வழக்கில் எதிர்ப்பக்கத்தில் நின்றால் தன் கை என்ன செய்யும் என்று மேடம் கேட்டார். ஒரு மகனைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தத் தகப்பனை நாய் மாதிரி நனையவிட ஒரு மனுஷியால் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் இதையெல்லாம் நான் மறந்திருப்பேன். மறக்க முடியாதது புசல்லாவை வழக்கு.

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருத்தி கழுத்து நெரிபட்டுச் செத்துக்கிடந்தாள். அவளுடைய நகங்களை வெட்டி உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். பிராண்டியிருந்தால் நெரித்தவனின் தோல் நகத்துக்குள் இருக்கும். உறையில் இருந்த பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. என்னோடு ஏழாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்துவிட்டு, குடும்பத்தோடு புசல்லாவைப் பக்கம் குடிபோனவள். என்னால் தாங்க முடியவில்லை. மேடத்திடம் போய் அழுதுவிட்டேன். அவள் புருஷன் எப்படிப்பட்டவன், எத்தனை தடவை தாய் வீட்டுக்கு ஓடி வந்தாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். விரல் எழுந்துதான் இருந்தது. நான்தான் நிறுத்தவில்லை.

மேடம் மெதுவாகக் கையுறைகளைக் கழற்றினார். உறையை மறுபடி ஒட்டினார். இந்த வழக்கைத் தன்னால் இனி செய்ய முடியாது, விஷயம் காதில் விழுந்துவிட்டது, வேறு ஆய்வாளருக்கு அனுப்பவும் என்று கடிதம் எழுதினார். வேறு இடத்தில் வரிசை நீளம். ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதத்தில் புருஷன்காரன் பிணையில் வந்து அதே தோட்டத்தில் நடமாடினான். செத்தவளுடைய தாய் தினமும் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, போகும்போது அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. கடைசியில் அறிக்கை வந்தபோது, நகத்தில் இருந்தது அவனுடைய தோல்தான். மேடம் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏழு மாசம். அதை அந்தத் தாய்க்குக் குடுத்தது நான் இல்லை. நீ."

அவ்வளவுதான். அன்றைக்கு முடிவெடுத்தேன், இனிமேல் இந்த மனுஷியிடம் வாயே திறப்பதில்லை என்று. கேட்டதற்குப் பதில். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, இந்த மேடம் பிழைவிட வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். பேசினுக்கு மேலே அவருடைய நம்பரும் ஒட்டப்பட வேண்டும். கோயிலுக்குப் போனால்கூட அதைத்தான் வேண்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த மழை வந்தது.

கலஹாவுக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்திலிருந்து இரண்டு மலை தள்ளி, விடியும் முன்னே ஒரு லயம் முழுதாக மண்ணுக்குள் போனது. சில உடல்களை முகம் பார்த்து எடுத்தார்கள். சிலது கிடைக்கவேயில்லை. பல கிழமை கழித்து, மண்ணை வெட்டியபோது ஒரு தொடை எலும்பு மட்டும் கிடைத்தது. அது எங்களிடம் வந்தது. எலும்பைச் சுரண்டி, குளிரவைத்து, மாவாக அரைத்து, நாட்கணக்கில் ஊறவைத்துத்தான் டி.என்.ஏ. எடுக்க வேண்டும். மேடம் எடுத்தார். தப்பியவர்களைத் தங்கவைத்திருந்த முகாமில் எடுத்த எச்சிலோடு ஒப்பிட்டதில் ஒரு தாய்க்குப் பொருந்தியது. எலும்பு அவர் பெற்ற ஆண்பிள்ளையுடையது.

அந்தத் தாய்க்கு ஆண்பிள்ளை இரண்டு. பத்தொன்பதும் பதினெட்டும். இரண்டு பேரும் ஒரே உயரம். இரண்டு பேரையும் காணவில்லை.

தாயின் எச்சிலை வைத்து, இது உன் மகன் என்று சொல்லலாம். எந்த மகன் என்று சொல்ல முடியாது. அதற்கு அந்த மகனே பயன்படுத்திய சாமான் ஏதாவது வேண்டும். பல் தூரிகை, சீப்பு, கழுவாத தொப்பி. அந்த வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. தகப்பன் எப்போதோ செத்துப்போனார். அந்தம்மா மிஞ்சியதே, கீழ் லயத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய் மழைக்கு அங்கேயே தங்கியதால்தான்.

கவுண்டருக்கு வந்தபோது அந்தம்மா யாரோ கொடுத்த பெரிய சட்டையும் சேலையுமாக இருந்தார். மேடம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கேட்டார், மகன்மாருடைய சாமான் ஏதாவது இருக்கா என்று. அந்தம்மா இடுப்பிலிருந்து ஒரு தாயத்தைக் கழற்றினார். சின்ன வெள்ளிக் கூடு, இரண்டு பக்கமும் அரக்கு வைத்து அடைத்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்து தொப்புள்கொடி காய்ந்து விழுந்தால் அதை வீச மாட்டார்கள். கூட்டில் அடைத்து அரைஞாணில் கட்டுவார்கள். பிள்ளை வளர்ந்ததும் தாய் எடுத்து வைத்துக்கொள்வாள். காய்ந்த கொடியிலும் பிள்ளையின் டி.என்.ஏ. இருக்கும். மேடத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"ஆற்ற தாயத்து?"

"பெரியவன் தாயத்துங்க மிஸ். ஆனா அதுல வந்து..."

விரல் எழுந்தது. "கதை வேண்டாம், அம்மா. பெரியவன். அது காணும், போதும்."

அந்தம்மா வாயை மூடிக்கொண்டார். நான் படிவத்தில் மூத்த மகன் என்று எழுதினேன். கதவு மூடியது.

மறுநாள் கூட்டைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியவள் நான். அரக்கை உடைத்தேன். உள்ளே திருநீறு, கறுத்த மெழுகு, அதற்குள் சுருங்கிய புகையிலைத் துண்டு போல இரண்டு துண்டு. மெழுகைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு துண்டில் சிவப்பு நூல் முடிச்சு. மற்றதில் கறுப்பு நூல் முடிச்சு.

பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது வெள்ளிக் கூடு செய்ய வழியில்லாத வீடுகளில் அடுத்த பிள்ளையின் கொடியையும் அதே கூட்டில்தான் போடுவார்கள். மாறிப்போகாமல் இருக்க நிறம் மாற்றி நூல் கட்டுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் எனக்கும் என் தம்பிக்கும் கட்டினார். இது யாழ்ப்பாணத்து மேடத்துக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

"மேடம், இதுல ஒரு விஷயம்..." என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் விரல் மட்டும் எழுந்தது. "நூல், மெழுகு, சாம்பல் எல்லாத்தையும் எடுத்துப்போட்டிட்டுத் துண்டை மட்டும் தா." நான் நூல்களை வெட்டி ப்ளீச் வாளியில் போட்டேன். துண்டுகளை ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"உடைஞ்சிட்டுதோ?"

"ஆமா மேடம்" என்றேன்.

தெரிந்துதான் சொன்னேன். பயத்தில் சொன்னதாக எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்குள் இருந்தது சந்தோஷம். விழட்டும் ஒரு அடி என்ற சந்தோஷம். யாருக்கு விழும் என்று யோசிக்கவில்லை. அது மட்டுமில்லை, மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமான் வந்தாலும் பாதியைத்தான் எடுப்பார், மறுபாதியை உறைபெட்டியில் வைப்பார், பிறகு யாராவது சந்தேகப்பட்டால் திருப்பிச் செய்ய. ஆளுக்குப் பாதி மிஞ்சும், எந்தத் துண்டில் எந்த நூல் இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது, பிழை தெரிந்ததும் அதை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பினேன்.

அன்றைக்குப் பார்த்து அவர் பாதி வைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக் காய்ந்த கொடி, இரண்டும் சேர்த்தாலே ஒரு சிட்டிகைதான். பாதியில் ஒன்றும் வராமல் போய்விடும் என்று முழுவதையும் போட்டு அரைத்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கும்போது மா.

முடிவு வந்த அன்று மேடம் திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதனுக்கு டி.என்.ஏ.யில் நாங்கள் பார்க்கிற ஒவ்வொரு இடத்திலும் தாயிடமிருந்து ஒரு இலக்கம், தகப்பனிடமிருந்து ஒரு இலக்கம், ஆக வரைபடத்தில் இரண்டு முகடுதான் எழும்ப வேண்டும். இங்கே சில இடத்தில் மூன்று, சில இடத்தில் நாலு. "இது ஒரு ஆள் இல்லை" என்று தனக்குத் தானே சொன்னார். எலும்பின் இலக்கங்களைக் கழித்தால் மற்றவனின் இலக்கங்கள் மிஞ்சின. அந்தம்மாவின் இரண்டு பிள்ளைகளும் முழுதாக எங்கள் திரையில் இருந்தார்கள். எது பெரியவன், எது சின்னவன் என்பதுதான் இல்லை.

நான் காத்திருந்த நாள் அது. அவர் முகம் விழுந்ததை நன்றாகப் பார்த்தேன். எனக்கு ஒரு திருப்தியும் வரவில்லை.

மறுநாள் அந்தம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடிக் கதவைத் திறந்து, தன் கதிரையை வெளியே இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார். தான் நின்றார்.

"சொல்லுங்கோ அம்மா. முழுக்கச் சொல்லுங்கோ."

அந்தம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பிறகு சொன்னார். சின்னவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், படுத்தே கிடந்தான், அவன் மண்ணுக்குள்தான் இருக்கிறான், அதில் தனக்குச் சந்தேகமில்லை. பெரியவன்தான் விஷயம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறேன் என்று, மண் சரிவதற்கு முந்தின சாயங்காலம் சண்டை பிடித்தான். போகக் கூடாது என்று இவர் சொன்னார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மழையில் இறங்கிப் போனான், போனைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தானா, இல்லை தம்பி காய்ச்சலோடு தனியாகக் கிடக்கிறானே என்று திரும்பி வந்தானா, யாரும் பார்க்கவில்லை. எலும்பு சின்னவனுடையது என்றால் பெரியவன் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம். பெரியவனுடையது என்றால் அவனும் இல்லை. முகாமை விட்டு வேறு இடத்துக்குப் போகச் சொல்கிறார்கள், அவன் தேடி வந்தால் எங்கே வருவான் என்றுதான் போகாமல் இருப்பதாகச் சொன்னார்.

"அவன் அப்படித்தாங்க மிஸ். எந்தச் சண்டையையும் பாதியில விடமாட்டான். போனாலும் திரும்பி வந்து, சண்டைய முடிச்சிட்டுத்தான் போவான்."

மேடம் தாயத்தைப் பற்றிக் கேட்டார். பெரியவனுக்குச் செய்த கூடுதான் என்றார் அந்தம்மா, அடுத்த வருஷமே சின்னவன் பிறந்ததால் அவன் கொடியையும் அதிலேயே போட்டதாம். பெரியவனுக்குச் சிவப்பு நூல், சின்னவனுக்குக் கறுப்பு நூல். அன்றைக்கே சொல்ல வந்தேனே, மிஸ் வேண்டாமென்று சொன்னீர்களே என்றார். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நூல் இருந்ததோ?"

"பாக்கல மேடம். மெழுகோட போயிருக்கும்."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஓம். நான்தான் கேட்டிருக்கவேணும்."

ஆறு வருஷமாக ஒருவருடைய கதையையும் காதில் வாங்காத மனுஷி, என் ஒரு பொய்யை அப்படியே நம்பினார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தம்மாவுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது, அரைத்த மா அரைத்ததுதான். மேடத்துக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு கேவலமானவள் நான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேடம் அந்தம்மாவுக்கு முன்னால் குனிந்து, இது தன்னுடைய பிழை, எந்த மகன் என்று இனி ஒருத்தராலும் சொல்ல ஏலாது என்றார். அந்தம்மா அவருடைய வெடித்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் நடந்ததுதானே மிஸ், விடுங்க என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அந்த மன்னிப்பு கிடைக்கவில்லை, நான் கேட்கவுமில்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மேடம், மாதிரியில் இருவருடையது இருக்கலாம் என்று விசாரிக்காமல் முழுவதையும் பயன்படுத்தியது ஆய்வாளரின் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே என் பெயரோ நம்பரோ இல்லை. மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். அவர் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லையாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாராம். அந்த மாதக் கடைசியில் யாழ்ப்பாணம் போய்விட்டார். போகிற அன்று என் மேசைப் பக்கம் வந்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எழுந்தேன். "இருமல் மருந்து குடி, பிள்ளை" என்றார். எனக்கு இரண்டு நாளாக இருமல் இருந்தது. போய்விட்டார்.

எலும்பைக் கொடுக்க வேண்டிய நாள், கவுண்டரில் நான் மட்டும்தான். அந்தம்மா வந்தார். எலும்பை வெள்ளைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். பெறுகிறவர் கையெழுத்துப் போடும் தாளில், இறந்தவரின் பெயர், உறவினர் கூறியபடி, என்று ஒரு கோடு உண்டு. வெறுமையாக விட்டால் கிராம சேவகர் மரணச் சான்றிதழுக்கு எடுக்க மாட்டார். ஒரு பெயர்தான் எழுதலாம். அதைச் சொன்னேன்.

அந்தம்மா பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சின்னவன் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். அவன் இல்லையென்று நிச்சயம், பெரியவனுக்காகக் காத்திருக்கவும் இடமிருக்கும். பேனாவைக்கூடத் தாளில் வைத்துவிட்டேன்.

"பெரியவன் பேரையே போடுங்க புள்ள" என்றார். "அவன் உசுரோட இருந்தா, செத்துட்டான்னு எழுதுனதுக்காவது என்கூட சண்டைக்கு வருவான்."

எழுதிக் கொடுத்தேன். முகாமை மூடி மூன்று வருஷமாகிறது. அந்தம்மா இப்போது கலஹா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் ஒரு அறை எடுத்து இருக்கிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சண்டைக்கு இன்னும் யாரும் வரவில்லை.